முதலாளியம்மா குறட்டை விடுவதில்லை

மழை பிடித்துக்கொண்டு விட மறுத்த வாரம் அது. கடைக்குள் ஈரம் ஏறி, சுவரோரம் அடுக்கி வைத்த ஃபோம் பலகைகள் தண்ணீரில் முக்கி எடுத்த ரொட்டி மாதிரி கனத்துக் கிடந்தன. பசை காயவில்லை. ஓர் உணவகத்திலிருந்து வந்த நாற்காலிகளும் நீள இருக்கைகளும் வாசல்வரை நின்றன. பாதிக்கு உடுப்பு மாட்டியாகிவிட்டது. மீதி தோல் உரித்த ஆடு மாதிரி ஸ்பிரிங்கும் சணலும் தெரிய நின்றன.

கடைக்குப் பின்னால் இரண்டே அறைகள். அதுதான் வீடு. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துத் தூர ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. தெருவில் அவருக்குச் சோபாக்காரர் என்று பெயர். அவளுக்கு முதலாளியம்மா. முதலில் கிண்டலுக்கு வைத்த பெயர்தான், பிறகு உண்மையாகிப் போனது. பழைய துணியைப் பிரிப்பது, துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்குவது, நாடா இழுத்துக் கட்டுவது, மேலே பஞ்சு பரப்பி இறுக்கி அடிப்பது அவர் வேலை. அளவெடுப்பதும் வெட்டுவதும் பெரிய தையல் மிஷினில் உறை தைப்பதும் அவள் வேலை. விலை பேசுவதும் அவள்தான், வாய்தா சொல்வதும் அவள்தான், வாய்தா தவறினால் சண்டை போடுவதும் அவள்தான். அவர் சண்டைக்கு லாயக்கில்லை. வேலை நேரமெல்லாம் வாய் நிறைய சின்ன ஆணிகளை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடித்துக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டால் "ம்" என்பார். "ம்ஹூம்" என்பார். முப்பது வருஷக் குடித்தனம் அந்த இரண்டு சத்தத்திலேயே ஓடியிருக்கிறது என்று அவள் சொல்லுவாள்.

அவளிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், குறட்டையைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. அது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

சம்பந்தி வீட்டார் முதன்முதலாகச் சாப்பிட வந்த நாளில், சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் சாய்ந்திருந்தபோது, சம்பந்தியம்மாள் தன் வீட்டுக்காரரின் குறட்டையைச் சொல்லிச் சலித்துக்கொண்டாள். அன்றைக்கென்று சோபாக்காரர் வாயில் ஆணி இல்லை. "எங்க முதலாளியம்மாவை மிஞ்ச ஆளே இல்லீங்க" என்று ஆரம்பித்து, செய்தும் காட்டிவிட்டார். மெல்ல ஏறும் இழுப்பு, உச்சியில் போய்ச் சட்டென்று நிற்பது, போய்விட்டாளோ என்று நினைக்கும்படி ஓர் அமைதி, பிறகு அடைத்த குழாய் திறந்தாற்போல ஒரு வெடிப்பு. வந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர்கள் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே என் தூக்கத்தைப் பத்தி எவர்கிட்டயாவது வாயைத் திறந்தீங்கன்னா, அப்புறம் நான் உங்ககிட்ட வாயைத் திறக்க மாட்டேன்."

"தமாசுக்குத்தான..."

"பொம்பளைக்கு அது தமாசு இல்ல. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். அன்றே அவருடைய படுக்கை கடைக்குள் வந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கடைக்கும் அறைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான் என்பதால் சத்தம் மட்டும் முடியவில்லை.

அந்த மழை வாரத்தில் ஒரு காலை நேரம். அவர் வாசல் பக்கம் நாற்காலி ஒன்றைத் திருப்பிப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பென்று ஏதோ விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் முக்காலி உருண்டு கிடக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது.

"நூல் எடுக்க எட்டினேன். வழுக்கிடுச்சு" என்றாள்.

பக்கத்துத் தெரு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் கைக்குக் கீழே ஒரு பட்டையை வைத்துக் கட்டினார்.

"எலும்பு விலகியிருக்கு. இழுத்து நேராக்கணும். நாளைக்குக் காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, மயக்கம் கொடுத்துச் செய்வாங்க. அதுவரைக்கும் வலிக்கு இந்த மாத்திரை. கொஞ்சம் தூக்கம் வரும். வந்தா நல்லதுதானே."

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார். இடது கையால் நாலு வாய் குடித்தாள். மாத்திரையைப் போட்டாள். உள்ளறையில் ஒழுகிக்கொண்டிருந்ததால், வேலை முடிந்த நீள இருக்கை ஒன்றில் சாய்ந்தாள். "உணவகத்துக்காரன் வந்தா எழுப்புங்க. அவன்கிட்ட நீங்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

அவர் அடுத்த நாற்காலியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் வழக்கமான இழுப்பு ஆரம்பித்தது. மேலே மழை, கீழே இந்த இழுப்பு, நடுவில் அவர் சுத்தியல். இழுப்பு உச்சிக்குப் போய் நிற்கும்போது அவர் கையும் தன்னால் நிற்கும். வெடித்து மூச்சு வந்ததும் அடுத்த ஆணி. எத்தனையோ வருஷப் பழக்கம். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு தடவை நின்றது. சுத்தியலைத் தூக்கியபடி காத்திருந்தார். வரவில்லை. இன்னும் வரவில்லை. கை வலித்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போர்வைக்குக் கீழே அவள் வயிறு ஏறி ஏறி இறங்குகிறது. வாய் திறந்திருக்கிறது. காற்று மட்டும் இல்லை. உதட்டில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம்.

ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு ஓடினார். "இந்தா! ஏய்! இந்தா!" என்று உலுக்கினார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, தோளில் ஓங்கித் தட்டினார். அப்போதுதான் கூரையே இடிந்தாற்போல ஒரு சத்தத்தோடு மூச்சு உள்ளே போனது. பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"உணவகத்துக்காரனா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு எழுப்பறீங்க..." மறுபடி கண் சொருகியது.

அவர் விடவில்லை. ஃபோம் துண்டுகளை அள்ளி வந்து முதுகுக்கு முட்டுக் கொடுத்து, படுக்கவிடாமல் சாய்த்து உட்கார வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நிற்கும்போதெல்லாம் தட்டினார். அந்த மத்தியானம் முழுக்க ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மாத்திரையின் வேகம் இறங்கி அவள் தானாகவே எரிச்சலோடு விழித்துக்கொண்டபோது சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது.

"வலி உயிர் போகுது. மாத்திரையை எடுங்க."

"மாத்திரை நனைஞ்சு கரைஞ்சு போச்சு."

"கரைஞ்சு போச்சா? ஒரு மாத்திரையைப் பத்திரமா வைக்கத் துப்பில்லையா உங்களுக்கு?"

மாத்திரை அட்டை அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. "நீ தூங்கறப்ப இன்னைக்கு..." என்று தொடங்கினார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். ராத்திரி உள்ளறையில் ஒழுகாத மூலையில் படுத்து அவள் வலியில் முனகியதெல்லாம் பலகைக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. முனகல் கேட்கிறவரை அவருக்கு நிம்மதி.

காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்து இடது கையில் ஊசி ஏற்றினார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்தாள். நடு வயசு, முந்தின நாளும் வேலை பார்த்த முகம், வளவளவென்று பேசாதவள். சட்டுச் சட்டென்று கேட்டாள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, பல் ஆடுதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்.

"குறட்டை விடுவீங்களா?"

"நானா? சேச்சே." முதலாளியம்மா தலையால் புருஷனைக் காட்டினாள். "எங்க வீட்ல அதெல்லாம் இவர்தான்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றார்.

"தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்திருப்பீங்களா? பகல்ல அசதியா, கண்ணைச் சொருகிட்டு வருமா?"

"வேலை கழுத்துவரைக்கும் கெடக்கு. சொருக நேரம் எங்க?"

டாக்டரம்மா அவளுடைய கழுத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். எழுதிக்கொண்டாள். "ஐயா, நீங்க வெளியில இருங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்."

வெளியே நீளமான நடை. சுவரோரம் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தார். பெஞ்சின் ரெக்சின் ஓரத்தில் கிழிந்து, மஞ்சள் ஃபோம் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர் விரல்கள் அதைப் பார்க்காமலே உள்ளே தள்ளின. தள்ளினால் வெளியே வந்தது. மறுபடி தள்ளினார். ஒரு மாத்திரைக்கே நேற்று அந்தப் பாடு. இங்கே நேராக ரத்தத்தில் ஏற்றப் போகிறார்கள். இவர்கள் டாக்டர்கள், இவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தார். தெரியும், சொன்னால் தெரியும் என்றும் நினைத்தார். சொன்னால் அவள் பேசமாட்டாள். பேசாவிட்டால் போகிறது, பேசாமல் இருக்கவும் ஆள் இருக்க வேண்டுமே.

எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஐயா, இங்க வரக்கூடாது" என்றாள் நர்ஸ்.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன். குறட்டை எனக்கில்ல, அவளுக்குத்தான்."

தட்டில் பால் மாதிரி வெள்ளை மருந்து நிரம்பிய ஊசி இருந்தது. டாக்டரம்மா அதை எடுக்கப் போன கையை நிறுத்தினாள். முதலாளியம்மா படுத்தபடியே கழுத்தைத் திருப்பினாள். அந்தக் கண்ணை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டார்.

"வெறும் குறட்டையா, நடுவுல மூச்சு நிக்குமா?"

"நிக்கும். தினமும் நிக்கும். நேத்து அந்த வலி மாத்திரை போட்டப்புறம் நின்னது... அது வேற மாதிரி."

"எப்படி?"

அவர் வார்த்தை தேடினார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னார். மெல்ல இழுத்தார். தொண்டையை அடைத்து இழுப்பை மேலே ஏற்றினார். உச்சியில் நிறுத்தினார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வயிற்றை மட்டும் ஏற்றி ஏற்றி இறக்கினார். டாக்டரம்மாவின் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அவர் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கறுத்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் மடிப்பதை நிறுத்திவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் தாங்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"இதைவிட நீளம்" என்றார், இரைத்துக்கொண்டே. "என்னால அவ்வளவுதான் முடியுது. நான் தூக்கி உட்கார வச்சுத் தட்டினப்புறம்தான் வந்துச்சு."

டாக்டரம்மா அந்த ஊசியைத் தட்டோடு தள்ளி வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவளுடைய தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. தூங்கறப்ப உங்க தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை மூடிக்குது. காத்து வரலைன்னு மூளைக்குத் தெரிஞ்சதும் உங்களை லேசா எழுப்பி விடுது. அப்பத்தான் பெரிய சத்தத்தோட மூச்சு வரும். எழுந்தது உங்களுக்கே தெரியாது. ராத்திரி பூரா இதே கூத்துதான்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மயக்க மருந்து, அந்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை, எல்லாம் ரெண்டு வேலை செய்யும். தொண்டையை இன்னும் தளர்த்தும். எழுப்பி விடற மூளையையும் சேர்த்துத் தூங்க வச்சிடும். அப்ப மூடினது மூடினபடியே கெடக்கும். நேத்து எழுப்பி விட்டது உங்க மூளை இல்ல. இவர்."

"அப்ப எனக்கு மயக்கமே குடுக்கக் கூடாதா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.

"குடுக்கலாம். தெரிஞ்சுகிட்டு, தயாரா இருந்து குடுக்கணும். ஆனா உங்களுக்கு இன்னைக்கு அதுவும் வேண்டாம். அக்குள்ல ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப் போக வைக்கிறேன். முழிச்சிட்டே இருங்க. பேசிக்கிட்டே இருந்தாலும் சரி."

அவள் பேசவில்லை. எலும்பை இழுத்தபோதும் பேசவில்லை, மாவுக்கட்டுப் போட்டபோதும் பேசவில்லை. தூக்கப் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்து, தூக்கம் வரவழைக்கிற வலி மாத்திரை எதுவும் வேண்டாம் என்று வேறு மாத்திரை தந்தார்கள். ஆட்டோவில் வரும்போது மழைத் திரைக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த நாளும் பேச்சில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவர் கஞ்சி வைத்தார், முட்டை அவித்து உரித்து வைத்தார், தலை பின்னத் தெரியாமல் ஒரு ரப்பர் வளையம் போட்டுவிட்டார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பதிலுக்கு "ம்" என்றும் "ம்ஹூம்" என்றும்தான் வந்தது. முப்பது வருஷமாக அவள் எதைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

உணவகத்து வேலை தலைக்கு மேல் நின்றது. வேறு வழியில்லாமல் அவரே மிஷினில் உட்கார்ந்தார். ஆணி அடித்த கைக்கு நூல் பிடிபடவில்லை. இருக்கை உறையின் ஓரத்தில் நேராகப் போக வேண்டிய தையல், ஓடை மாதிரி வளைந்து வளைந்து போனது. அவள் எதிரே மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்றாவது உறையில் பொறுமை போய்விட்டது.

"நிறுத்துங்க. அதைப் பிரிங்க. அந்த லட்சணத்துல இருந்தா எவன் வந்து உட்காருவான்?"

அவர் காலை எடுத்தார். மிஷின் நின்றது. பிரிக்கிற ஊசியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். முகத்தைக் காட்ட முடியாத சந்தோஷம்.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்று கேட்டாள் அவள்.

"எது?"

"எதுவா? மூச்சு."

"அளந்தா பார்த்தேன்? எனக்குப் பாதி ஆயுசு போச்சு."

"நிக்குதுன்னு இத்தனை வருஷமாத் தெரியுமா?"

"தெரியும். நிக்கும், வந்துடும். நின்னா எனக்கு முழிப்பு வந்துடும். வந்தப்புறம் தூங்கிடுவேன்."

"கடையில படுத்துகிட்டா?"

"பலகைதான நடுவுல."

அவள் மாவுக்கட்டின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு, விலை பேசும் குரலில் இல்லாமல் வேறொரு குரலில் சொன்னாள்.

"நான் நூல் எடுக்க எட்டல."

"என்ன?"

"அன்னைக்கு. எதுக்கும் எட்டல. தைச்சுகிட்டே இருந்தேன், கண்ணு சொருகிடுச்சு. கீழ விழுந்தப்புறம்தான் முழிச்சேன். முன்னாடி ஒரு தடவை ஊசி விரல்ல ஏறிச்சே, அதுவும் அப்படித்தான். சில ராத்திரி யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி எழுந்து உட்கார்ந்திருக்கேன். நெஞ்சு அடிச்சுக்கும். இதயம்தான் போகப் போகுதுன்னு நினைச்சுக்குவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுப்பீங்க. அவங்க குறட்டை விடுவியான்னு கேப்பாங்க." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. "அம்மாவே இப்படின்னா பொண்ணு எப்படியோன்னு அவ வீட்ல பேசுவாங்களேன்னுதான் பயந்தேன். செத்துப் போறதுக்குப் பயப்படல பாருங்க. என்ன புத்தி இது."

அவர் எழுந்து போய், தோளில் கை வைக்கத் தெரியாமல், மாவுக்கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அங்க வச்சா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

பரிசோதனை நடந்தது. தலையிலும் நெஞ்சிலும் கம்பிகளை ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்தார்கள். காற்றை மெல்ல அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிற சின்ன மிஷின் ஒன்றும் மூக்கில் மாட்டிக்கொள்ள ஓர் உறையும் கொடுத்தார்கள். முதல் நாள் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து, "யானைக்கு அலங்காரம் பண்ணின மாதிரி இருக்கு" என்றாள். அதன் பட்டை கன்னத்தை அறுத்தது. அவரை உட்கார வைத்து, எந்தத் துணி, எந்தப் பக்கம் மடிப்பு, எங்கே தையல் என்று சொல்லிச் சொல்லி அதற்கு மெத்தென்று ஓர் உறை தைக்க வைத்தாள். மூன்று தரம் பிரிக்கச் சொன்னாள். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். பிறகு ஒரு நாள் வெயில் ஏறியபின் எழுந்து வந்து, "இதுதான் தூக்கமா? இதைத்தான் எல்லாரும் தினமும் தூங்கறாங்களா?" என்று கேட்டாள், ஏதோ ஏமாற்றிவிட்டதுபோல.

மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள் மகள் போனில் கூப்பிட்டாள். மழை விட்டிருந்தது. உணவகத்திலிருந்து நாற்காலிகளை எடுத்துப் போக ஆள் வந்து, வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தான். முதலாளியம்மா போனைத் தையல் மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மெலிந்துபோன மணிக்கட்டை மடக்கி நீட்டிக்கொண்டே பேசினாள்.

"கை பரவாயில்லடி. இன்னொரு சேதி. எனக்குத் தூக்கத்துல மூச்சு நிக்கிற நோய் இருக்காம். குறட்டை விட்டேன்ல, அதான் அடையாளம். மிஷின் குடுத்திருக்காங்க."

போனைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தாள்.

"கேக்குதா?"

"கேக்குதும்மா."

"ஏன் ஒரு மாதிரி பேசற?"

"ஒண்ணுமில்ல." மகள் குரலை இறக்கிச் சொன்னாள். "அம்மா, அவர் தூங்கினப்புறம்தான் நான் தூங்குவேன். அவருக்குக் கேட்டுடக் கூடாதுன்னு."

முதலாளியம்மாவின் கை நின்றது. கதவருகே நாற்காலியைத் தூக்கிய சோபாக்காரரும் நின்றார்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. பகல்லயெல்லாம் அசதியா வருது. கூட வேலை பாக்கற அக்கா நல்லாத் தூங்கினா சரியாயிடும்னு தூக்க மாத்திரை ஒரு அட்டை குடுத்தாங்க."

"போட்டியா?"

"இன்னும் இல்ல. இன்னைக்குத்தான்..."

"போடாத." எழுந்து நின்றுவிட்டாள். "என் தலைமேல சத்தியமாப் போடாத. மாப்பிள்ளை வீட்ல இருக்காரா?"

"அம்மா, வேண்டாம்மா. அவர்கிட்ட எல்லாம்..."

"போனைக் குடு."

"அம்மா."

"குடுடி."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை.

வண்டிக்காரன் நாற்காலி எடுக்கக் கதவோரம் வந்து நின்றிருந்தான். வாசலில் பக்கத்துக் கடைக்காரரும் இருந்தார். அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் உக்காருங்க, நிதானமாச் சொல்றேன். எனக்குக் குறட்டை உண்டு. உங்க பொண்டாட்டிக்கும் உண்டு. நாளைக்குக் காலையில முதல் வேலையா அவளைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போகணும். அங்க போய் என்ன சொல்லணும்னு இப்ப மாமா செஞ்சு காட்டுவாரு, கேட்டுக்குங்க."

"ஏங்க, வாங்க இங்க" என்றாள். அவர் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, வாயிலிருந்த ஆணிகளை ஒன்றுவிடாமல் கையில் எடுத்தார்.